கண்ணாடிப் பேழையும் கவ்வாத்துக் கத்தியும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாகத் தென்கிழக்கே வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வந்து, ஹேவாஹெட்டக் கடைவீதியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நிற்கும் ஒருவருக்குக் கடலை நினைப்பதற்கு எவ்வித முகாந்தரமும் இராது. நாற்புறமும் தேயிலை, தேயிலைக்கு மேலே யூக்கலிப்டஸ் தோப்பு, அதற்கும் மேலே, பிற்பகல் சாயத் தொடங்கியதும் மெல்ல இறங்கிவரும் மூடுபனி. அத்தகைய ஊரிலே, எனக்கு மருமகன் முறையாகும் ஓர் இளைஞனுடைய வீட்டு முன்னறையில், நாலடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்றினுள், நீல விளக்கொளியின் கீழ், உயிருள்ள முருகைக்கற் பாறையொன்று விளங்கக் கண்டேன். அப்பாறையை முற்றாக மூடிக்கொண்டு, வெளிறிய ரோஜா நிறத்துச் சின்னஞ்சிறு கைகள் ஆயிரக்கணக்கிலே விரிந்து குவிந்து, குவிந்து விரிந்து, இதயத் துடிப்பைப்போல் ஓயாது அசைந்துகொண்டிருந்தன. ஸீனியா என்பது அந்த மென்பவளத்தின் பெயர். பெருவிரல் அளவான ஒரு துண்டாகக் கொழும்பிலிருந்து அதனை வாங்கி வந்தானாம்; ஓர் ஆண்டு நிறைவதற்குள் அது பாறையை வென்று, நிதானமாக வளரும் ஏனைய பவளங்களை நிழலிலே தள்ளி, பின்புறக் கண்ணாடியிலும் ஏறிவிட்டது. கத்தரித்தால் கத்தரித்த இடத்தில் இரட்டிப்பாகிறது என்று அவன் மனம் நொந்து சொன்னான்.

அவனுடைய தாத்தா, நாற்பது ஆண்டு காலம் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், அருகே நாற்காலியில் அமர்ந்து வெகுநேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "தம்பி, இதுக்குக் கவ்வாத்து எந்த மாசம்?" என்று கேட்டார்.

பேரனுக்கு விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆயினும், விளையாட்டாக அன்றி, தொழில் தெரிந்த ஒருவர் மற்றொரு தொழிலைப் பார்த்துக் கேட்ட அந்த வினாவினுள், இந்த மலைப் பிரதேசத்தின் ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. அழகென்றும் ஆதாயமென்றும் கருதித் தூரதேசத்திலிருந்து கொணர்ந்த ஓர் உயிர், கொணர்ந்தவர் எண்ணிய எல்லையைத் தாண்டிப் பெருகுவதும், அதனை எல்லைக்குள் நிறுத்துவதற்காகப் பரம்பரை பரம்பரையாகக் கைகள் உழைப்பதும் ஹேவாஹெட்டைக்குப் புதிய சங்கதி அன்று.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் ஹேவா என்றால் போர்வீரன். ஹெட்ட என்பது அறுபது. கண்டி அரசர் காலத்து வீரர் அறுபதின்மரைக் குறித்து எழுந்த பெயர் என்று சொல்வார்கள். நம் தமிழிலோ கவாத்து என்னும் சொல் போர்வீரரின் அணிப்பயிற்சிக்கும் வழங்குகிறது. செடியை வெட்டி ஒழுங்குபடுத்தும் தொழிலுக்கும் வழங்குகிறது. மலைநாட்டுத் தமிழர் அதனைக் கவ்வாத்து என்று அழுத்திச் சொல்வர். வீரர் பெயர்கொண்ட ஊரிலே, வீரர் பயிற்சியின் பெயர்கொண்ட தொழில் வேரூன்றியது தற்செயலே. இருந்தும், நிரைநிரையாக இடுப்பளவில் நிற்கும் தேயிலையை விடியற்காலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தற்செயல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இனி, கண்ணாடிப் பேழையின் பிறப்பைச் சொல்லவேண்டும். ஏனெனில் இளைஞனின் பவளத் தொட்டிக்கும், அவன் தாத்தா வெட்டிய தோட்டங்களின் சரித்திரத்திற்கும் அது பொதுவான பாட்டன். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் வைத்தியம் செய்துவந்த நத்தானியேல் வார்டு என்பவர், 1829ஆம் ஆண்டிலே, ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் கண்ணாடிக் குடுவையிலிட்டு மூடிவைத்தார். புகை மண்டிய அந்நகரத்தில் அவருடைய தோட்டத்துப் பன்னங்களெல்லாம் மடிந்துகொண்டிருக்க, மூடிய குடுவைக்குள்ளே யாரும் விதைக்காத ஒரு பன்னம் முளைத்துத் தழைத்தது. மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதனால், நீர் வார்ப்பாரின்றியே அது பிழைத்தது. இந்தச் சிறிய அநுபவத்திலிருந்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகள் இரண்டு, 1833இல் செடிகளைச் சுமந்துகொண்டு கப்பலேறி, ஆறு மாத யாத்திரைக்குப் பின் சிட்னித் துறையிலே பசுமை மாறாமல் இறங்கின. அதுவரை உப்புக் காற்றினாலும் நன்னீர்ப் பஞ்சத்தினாலும் கப்பல் தளத்திலேயே செத்துக்கொண்டிருந்த செடிகள் அதன்பின் உலகமெங்கும் உயிரோடு போகத் தொடங்கின. ராபர்ட் பார்ச்சூன் சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்தி வந்தது இத்தகைய பெட்டிகளிலேதான்.

அதே கண்ணாடி, மறுபக்கத்தில், நீருக்கும் வீடாயிற்று. 1846இல் டோர்கி என்னும் கடற்கரை ஊரிலே கற்பவளங்கள் சிலவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்த ஆனா தின் என்னும் மாது, அவற்றை ஜாடியிலிட்டு இலண்டனுக்குக் கொண்டுசென்றார். கடல்நீரைப் புதிதாகப் பெறும் வசதி இல்லாதபோது, திறந்த சாளரத்தின் முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றும் பணியை, நாள்தோறும் அரைமணி முக்கால்மணி நேரம், அவருடைய பணிப்பெண் செய்தாள். பவளங்களை வளர்த்த சீமாட்டியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. நீரூற்றிய பெண்ணின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன நிபுணர், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி வாழும் சமநிலையைத் தொட்டியொன்றிலே நிறுவிக் காட்டினார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே மீன்மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் கோஸ் எழுதிய நூலினால் கடற்றொட்டி வளர்ப்பு ஆங்கில நாட்டு இல்லங்களிலே ஒரு மோகமாகப் பரவிற்று. அந்த மோகம் தணிந்தபோது, கூடை கூடையாக அள்ளிச் சென்றவர்களால் தென்னிங்கிலாந்தின் கடற்கரைப் பாறைகள் வெறிச்சோடிக் கிடந்தன என்பதை, கோஸினுடைய மகன் எட்மண்ட் பிற்காலத்தில் வேதனையோடு எழுதிவைத்தார்.

இலங்கைக் கடலும் இந்த ஆர்வத்திற்குத் தப்பவில்லை. ஆனால் இங்கே வந்தவர்களில் இருவர் பார்ப்பதிலும் மிகுந்த விருப்பம் உடையவர்கள். 1864இலும் 1865இலும் இத்தீவிலே தங்கிய ஆஸ்திரியப் பிரபு யூஜின் ரான்ஸொனே, மூழ்குகூண்டினுள் அமர்ந்து கடலடிக்குச் சென்று, அங்கிருந்தவாறே முருகைக்கற் பாறைகளைச் சித்திரமாகத் தீட்டினார். 1881இன் இறுதியில் வந்த எர்ன்ஸ்ட் ஹேக்கல் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, காலித் துறையின் பவளத் திட்டுகளையும் பேராதனைப் பூங்காவின் மரங்களையும் ஒரே வியப்போடு வருணித்தார். தீவின் உயிர்வளத்தைக் கடலென்றும் மலையென்றும் பிரித்துப் பாராத கண் அவருடையது.

பேராதனைப் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. பயன்தரும் செடிகளையும் கண்ணுக்கினிய செடிகளையும் வரவழைத்து, இந்நாட்டு மண்ணில் பழக்கி, தோட்டக்காரருக்கு வழங்குவது அதன் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை அது குறைவறச் செய்தது. 1839 டிசம்பரில் கல்கத்தாப் பூங்காவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் அங்கே வந்து சேர்ந்தன. 1861இல் கொயினா மரமாகிய சிங்கோனாவின் வளர்ப்பு ஹக்கலையிலே தொடங்கியது. ஆனால் பூங்காவின் வாசல் வழியே வந்தவை இவை மாத்திரம் அல்ல. வார்டு தம் குடுவையை மூடுவதற்கு மூன்று ஆண்டு முன்னரே, 1826இல், பல நிறப் பூங்கொத்துகளுக்காக அலங்காரச் செடியாக அழைத்து வரப்பட்ட உண்ணிச்செடி, பறவைகள் அதன் கருநிறக் கனியைத் தின்று விதையை எங்கும் தூவியதனால், வேலி தாண்டி, தோட்டம் தாண்டி, தீவின் வறண்ட காடுகள் வரை சென்றுவிட்டது. 1851இல் வந்த காட்டுச் சூரியகாந்தி, இன்று கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைக்கு வரும் பாதையோரச் சரிவுகளைப் பொன்மயமாக்கி நிற்கிறது. புதிதாக வருபவர் அதனை இம்மண்ணின் ஆதிச் செடி என்றே எண்ணுவர். அதன் தழையை வெட்டித் தேயிலைக்குப் பசளையாக இடும் வழக்கம் உண்டாதலால் அதன்மீது எனக்கு முழுக் கோபம் வருவதில்லை; உண்ணிச்செடியின்மீது வருகிறது.

ஹேவாஹெட்டைக்கு அருகே லூல்கந்துர என்னும் தோட்டம் இருக்கிறது. ஆங்கிலேயர் எழுத்தில் சிதைந்துபோன அப்பெயரைச் சிங்களத்திற்குத் திருப்பிப் பிரித்தால், லூலா என்பது விரால் மீன். கந்துர என்பது ஓடை. விரால் ஓடை என்னும் இந்த நீர்ப்பெயருள்ள மலையிலேதான், 1852இல், பதினேழு வயதும் நிரம்பாத ஸ்கொட்லாந்து இளைஞராகிய ஜேம்ஸ் டெய்லர் வந்து வேலையில் அமர்ந்தார். அக்காலத்தில் மலையெங்கும் கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இலைத்துரு நோய், கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகத் தோன்றி, காற்றோடு மலைக்கு மலை தாவி, சில பத்தாண்டுகளில் அந்தப் பெருஞ் செல்வத்தை வேரோடு சாய்த்தது. ஒரே பயிரை இடைவெளியின்றி மலைமலையாக நிறைத்து வைத்தால், அதன்மேற் பரவும் நோய்க்கும் தடையற்ற பாதை அமைத்துக் கொடுத்தவர்களாகிறோம். நோய் வெளிப்படுவதற்கு முன்பே டெய்லர் சிங்கோனாவை நட்டுப் பார்த்திருந்தார்; 1867இல் தமது தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையிலே 19 ஏக்கர் பரப்பில் தேயிலையை நட்டார். பங்களாவின் தாழ்வாரத்திலே, மேசைமீது கையால் உருட்டிய இலையே இலங்கை வணிகத் தேயிலையின் ஆரம்பம். 1892 மே மாதத்தில் வயிற்றுளைச்சலால் அவர் காலமானபோது, தோட்டத் தொழிலாளரே அவர் உடலை மாறி மாறித் தோளிலே சுமந்து கண்டிக்குக் கொண்டுசென்று, மஹியாவை மயானத்தில் அடக்கம் செய்தனர்.

டெய்லரின் கல்லாசனத்தையும், அவர் குடிசையின் புகைபோக்கி எச்சத்தையும் பார்க்க இன்று யாத்திரிகர் வருகிறார்கள். வரட்டும்; அவர் உழைப்பு மெய்யானது. ஆனால் தேயிலை என்பது நட்டவுடன் தேயிலைத் தோட்டமாகிவிடுகிற பொருள் அன்று என்பதை, அந்தக் கல்லாசனத்தில் அமர்ந்து கீழே நோக்கும் எவரும் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். தேயிலை சுபாவத்தில் ஒரு மரம். கத்தி படாமல் விட்டுவைத்தால் முப்பதடிக்கு மேலும் உயர்ந்து, அடிமரம் பருத்து, உச்சியிலே சில இலைகளைத் தாங்கி நிற்கும், பூக்கும், காய்க்கும், கூடைக்கு ஒரு கொழுந்தும் தராது. கைவிடப்பட்ட மலைகளில் அப்படி வளர்ந்து காடாகிப்போன தேயிலையை நான் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தை இடுப்பளவிலே, மேசைபோல் பரந்த தலையுடன், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இளமையோடு நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தியே.

அந்தத் தொழிலைச் சற்று விரித்துச் சொல்வது என் ஆசை. கொழுந்து பறிக்கப் பறிக்கச் செடியின் தலைமட்டம் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போகும். குச்சிகள் நெருங்கி முடிச்சு முடிச்சாகும். இளங்கொழுந்துக்குப் பதிலாக, மேலும் வளராமல் மொட்டையாக நின்றுவிடும் இலைகள் மிகும். தாழ்நிலத் தோட்டங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளிலும், குளிர்ந்த மலைகளில் நான்கு ஐந்து ஆண்டுகளிலும் இந்த நிலை வரும். அப்போது அந்த மலை கவ்வாத்துக்கு விடப்படும். கத்தி வைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கொழுந்து பறிப்பதை நிறுத்தி, செடியை ஓய்வாக விட்டு, வேரிலே மாச்சத்துச் சேரும்படி செய்வார்கள்; ஏனென்றால் இலையனைத்தையும் இழந்தபின் செடி உயிர்ப்பது வேரிற் சேமித்ததைக் கொண்டுதான். வேர்த்துண்டை அயோடின் கரைசலில் தோய்த்து, கறுநீல நிறம் படிகிறதா என்று பார்த்து அந்தச் சேமிப்பை அறியும் சோதனை பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்பும், இலையின் கறுப்பையும் பட்டையின் நிறத்தையும் கண்டு, இந்த மலை வெட்டைத் தாங்கும், இந்த மலை தாங்காது என்று சொல்லும் முதியவர்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள். கடும் வெயிலில் வெட்டினால் பட்டை காய்ந்து வெடிக்கும். ஆகவே மழையும் வெயிலும் பார்த்தே மாதம் குறிக்கப்படும். தாத்தா பேரனிடம் மாதத்தைக் கேட்டதன் தாத்பரியம் இதுதான்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தீட்டிய கத்தியோடு ஆண்கள் மலையேறுவர். கொழுந்து பெண்களின் கையில். கவ்வாத்து ஆண்களின் கையில். இப்படியே நெடுங்காலம் தொழில் பிரிந்திருந்தது. வளைந்த கத்தியால், குறித்த உயரத்தில், ஒவ்வொரு வாதும் ஒரே வீச்சில், நீர் தங்காதபடி சாய்வாக அறுபடவேண்டும். கத்தி மழுங்கினால் வாது பிளக்கும்; பிளந்த வாய்வழியே அழுகலும் துளைவண்டும் புகும். செத்த குச்சியையும் நோயுற்ற குச்சியையும் உள்ளிருந்து களைந்து, அடிமரத்தில் படர்ந்த பாசியைத் தேய்த்தெடுத்து, செடியின் நடு திறந்து வெளிச்சம் இறங்கும்படி விடுவார்கள். உயரமான மலைகளில், மொத்த இலையையும் பறிகொடுத்த செடி திகைத்துப் போகாதிருக்க, ஓரத்திலே இலையோடு கூடிய ஒன்றிரண்டு வாதுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். செடி மூச்சுவிடுவதற்கென்று விட்ட கிளை அது. புதுத் தளிர் எழுந்த பின் அதனையும் அறுத்துவிடுவர். மிலாறு எனப்படும் வெட்டிய குச்சிகளின் மெல்லிய பகுதி நிரைகளுக்கிடையே பரவி மண்ணைக் காக்கும். தடித்த பகுதி லயத்து அடுப்புக்குப் போகும். மண்ணின் புளிப்பைத் தணிக்க டொலமைற்றுச் சுண்ணாம்புத் தூள் இடுவதும் அந்த ஆண்டிலேதான்.

வெட்டுண்ட மலையை முதன்முறை பார்ப்பவர் நெஞ்சு பதறுவர். பச்சைக் கம்பளம் இருந்த இடத்தில், எரிந்த காட்டின் எலும்புக்கூடுபோல் வெறும் கட்டைகள் நிற்கும். சிறுவயதில், பள்ளிக்குப் போகும் வழியில் அப்படியொரு மலையைக் கண்டு, தேயிலையெல்லாம் செத்துவிட்டது என்று நான் அழுதேன். சில வாரங்களில் அந்தக் கட்டைகளிலே செந்தளிர் புள்ளி புள்ளியாக அரும்பியபோது கொண்ட வியப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலரைக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பறிகொடுத்துக் கண்டிச்சீமைக்கு வந்து சேர்ந்தவர்களின் மக்களும் பேரர்களுமே இந்தக் கத்தியைப் பிடித்தவர்கள். கங்காணியின் துண்டுக் கணக்கிலும் தோட்டத்துப் பேர்க் கணக்கிலும் அவர்கள் எண்ணாக இருந்தார்கள். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலையிலுள்ள சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்று, கவ்வாத்தின் உயரத்தையும் காலத்தையும் முறைகளையும் அளந்து நூலாக வெளியிட்டது. அந்த அளவுகளுக்கு மூலமாயிருந்த கையநுபவம் எவருடையது என்பதும் அந்நூல்களிலே ஒரு வரி பெற்றிருக்கலாம் என்பது என் ஆதங்கம். வெட்டிய துண்டிலிருந்து புதுச்செடி ஆக்கும் வித்தையும் அங்கேயே விருத்தியாயிற்று: ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டை நிழற்பந்தலிலே நட்டு வேர்விடச் செய்து, ஒரே தாயின் குணம் மாறாத பிள்ளைகளை ஆயிரமாயிரமாகப் பெருக்குகிறார்கள். பவளம் வளர்ப்போர் துண்டை வெட்டிக் கல்லில் ஒட்டிப் பெருக்குவது இதே வித்தையின் கடல்வடிவம்.

தண்ணீரிலே நடந்த கதை இதனினும் துன்பமானது. ஊதா நிறப் பூவின் வனப்புக்காக இத்தீவுக்கு வரவழைக்கப்பட்ட ஆகாயத்தாமரை, குளங்களையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்ட வேகத்தைக் கண்டு அஞ்சிய அரசாங்கம், அந்த ஒரு செடிக்காகவே 1909இல் தனிச்சட்டம் இயற்றியது. சட்டம் வந்தது; செடி போகவில்லை. 1939இல் சல்வீனியா என்னும் மிதக்கும் பன்னம், கொழும்பிலே தாவரவியல் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்டது. கல்விக்கூடத் தொட்டியிலிருந்து அது வெளியேறி, வயல்களிலும் ஓடைகளிலும் பாய் விரித்தாற்போல் படர்ந்தது. அது விதையாலன்றித் துண்டாலேயே பெருகுவது. ஆதலால் வாரியெடுத்தவர் கையிலிருந்து நழுவிய ஒவ்வொரு துணுக்கும் மறுநாள் ஒரு புதுப் படையாயிற்று. கையாலும் மருந்தாலும் அரைநூற்றாண்டு போராடிய பின்னர், 1986இல், அச்செடியின் தாய்நாடாகிய பிரேசிலைப் பூர்வீகமாகக் கொண்ட சிறு கூன்வண்டொன்றை அவுஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து விட்டார்கள். வேறெதனையும் தீண்டாமல் சல்வீனியாவை மாத்திரமே தின்னும் அந்த வண்டுதான் அதன் ஆணவத்தை அடக்கியது. ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அடங்கியிருந்த ஒரு கைப்பிடிப் பச்சை, ஒரு நாட்டின் உழவரை ஐம்பது ஆண்டு அலைக்கழித்தது என்பதைத் தொட்டி வளர்ப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கடலும் இவ்வாறே பட்டிருக்கிறது. 1984இல், மொனாக்கோவின் கடலாராய்ச்சி அரும்பொருட்சாலையின் அடிவாரத்துக் கடலிலே, தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலெர்ப்பா என்னும் பாசி சிறு திட்டாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலின் கரைநெடுக ஆயிரக்கணக்கான ஏக்கரில் படர்ந்தது. நமக்கு அண்மையில், பாக்கு நீரிணையின் தமிழகக் கரையில் வருவாய்க்காகப் பயிரிடப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவிலே உயிர்ப்பவளங்களின்மேல் ஏறி அவற்றை மூச்சடைக்கச் செய்வதை 2008இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நீரில் மூழ்கிக் கையால் பறித்தெடுப்பதையே அங்கும் நம்பவேண்டியதாயிற்று. வெனிசுவேலாவின் மோச்சிமாக் கரையிலோ, என் மருமகனின் தொட்டியில் துடித்துக்கொண்டிருக்கும் அதே குடும்பத்து மென்பவளமொன்று, தொட்டி வணிகத்தின் வழியே வந்ததென்று கருதப்படுவது, இயற்கைப் பாறைகளை மூடிக் கிடக்கிறது.

இவற்றையெல்லாம் அன்று மாலை தேநீர் அருந்தியபடி அவர்களுக்குச் சொன்னேன். இளைஞன் தான் கற்றவற்றைச் சொன்னான். ஸீனியாவுக்குக் கல்லெலும்பு இல்லை. அடித்தசையின் சிறு எச்சம் பாறையில் ஒட்டியிருந்தாலும் மீண்டும் எழும். ஆகவே கத்தரிப்பது வீண், ஒட்டியுள்ள பாறையின் மேற்சிம்பையும் சேர்த்துப் பெயர்க்கவேண்டும். மிச்சத்தின்மேல், நாம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப்போன்ற சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து அப்பினால் அது கருகிவிடும். நீரின் காரத்தன்மை ஏறாதபடி சிறுகச் சிறுகவே செய்யவேண்டும். மீனுக்கு இடும் தீனி மிகுந்து நீரிலே கழிவுச் சத்துப் பெருகினால் ஸீனியாவுக்கு அது எருவாகும். தீனியைக் குறைப்பதே பாதி வைத்தியம். பொத்தான் பவளங்கள் சிலவற்றில், 1971இல் ஹவாயில் பிரித்தறியப்பட்ட பாலிடாக்ஸின் என்னும் கொடிய விஷம் இருப்பதால், கையுறையும் கண்கவசமும் இல்லாமல் அவற்றை அறுத்தலாகாது. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் அவித்தலும் ஆகாது.

தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் இதன் பாதி வேலை கவ்வாத்து, பாதி வேலை களையெடுப்பு என்றார். தேயிலையை வெட்டுவது அது தழைப்பதற்கு. ஆகையால் அதன் வேர் பலமாயிருக்கும் காலம் பார்க்கிறோம். இதனை வெட்டுவது மற்றவை தழைப்பதற்கு; ஆகையால் இது பலவீனமாயிருக்கும் காலம் பார்க்கவேண்டும்; முதலில் தீனியைக் குறை, இது வாடத் தொடங்கிய பின் கத்தியை எடு என்பது அவர் தீர்ப்பு. புத்தகங்களைப் புரட்டி நான் சேர்த்த செய்திகளுக்குள்ளே இந்த வேறுபாடு எனக்குத் தென்படவில்லை. நாற்பது ஆண்டு மலையிலே நின்ற கண்ணுக்கு ஒரு மாலையிலே தென்பட்டது.

ஒரு மாதத்திற்குப் பின் மீண்டும் சென்றபோது, பாறையை வாளியில் தூக்கிவைத்து இருவரும் வேலை செய்துகொண்டிருந்தனர். பேரன் கையுறையணிந்து சிற்றுளியால் பெயர்த்தான். பெயர்த்த துண்டுகளைத் தாத்தா தகரத் தட்டிலே பரப்பி, மிலாற்றுக் கட்டுக்கு அருகே வெயிலிற் காயவைத்தார். உப்பில்லாத மலையோடையில் இவை பிழைக்கமாட்டா என்று பேரன் சொல்ல, எந்தக் கானும் எங்கேயோ ஓர் ஆற்றில்தான் விழுகிறது, அந்த ஆறு கடலுக்குத்தான் போகிறது என்று சொல்லி, அவர் தட்டைத் தம் கையைவிட்டு விடவில்லை. உப்புநீரையும் செடிப்பக்கம் ஊற்றவிடாமல், சீமெந்துத் தரையிலே சிறிது சிறிதாகக் காயவிட்டார்.

பாறை பெரும்பாலும் வெறுமையாயிற்று. எஞ்சியிருந்த ஒரே கொத்தின் அடியில் பேரன் உளியை வைத்தபோது, தாத்தா அவன் முழங்கையைத் தொட்டு, "அத விடு தம்பி, மூச்சுக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்றார். அதனை மட்டும் தனிக்கல்லொன்றிலே இருத்தி, மற்றப் பாறைகளைத் தொடாதபடி, தொட்டியின் மூலையில், வெறும் மணலின் நடுவே வைத்தார்கள்.